நடுக்கடலில் எர்த் எங்கே இருக்கு?

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முட்டியும் முழங்கையும் தேய, ஒரு விசைப்படகின் டீசல் டாங்குக்கும் பலகைச் சுவருக்கும் நடுவே தவழ்ந்துகொண்டிருக்கிறேன். வெளியே மே மாத நாகப்பட்டினம் கொதிக்கிறது. உள்ளே அதைவிடக் கொதிக்கிறது. ஆனால் கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், நான் பார்க்க ஆசைப்பட்டு வந்த பொருள் தொங்குகிறது. பச்சை வயர். சுண்டுவிரல் கனம்கூட இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் டார்ச் வாயிலிருந்து நழுவி விழுந்துவிட்டது!

“பார்த்துட்டேன் அண்ணே!”

மேல்தளத்து மூடி வழியாக எலக்ட்ரீஷியன் அண்ணனின் தலை எட்டிப் பார்த்தது. “தொட்டுப் பாரு தங்கச்சி, ஒண்ணும் செய்யாது. அதுல கரண்ட் ஓடாது. ஓடுச்சுன்னாத்தான் தப்பு.”

கரண்ட் ஓடக்கூடாத கரண்டுக் கம்பி! இதைவிட ஒரு நல்ல அழைப்பு யாருக்குக் கிடைக்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலில் மீன் குஞ்சு பொரிக்க விட்ட இந்த இரண்டு மாதத்தில்தான் படகுகள் கரையேறித் தங்கள் வயிற்றைத் திறந்து காட்டும். கடுவையாற்றின் ஓரம், அக்கரைப்பேட்டைப் பக்கம் நடந்து பாருங்கள். ஒரு படகில் பலகை இடுக்குகளில் பஞ்சு அடிக்கிறார்கள், இன்னொன்றில் ஃபைபர் பூசுகிறார்கள், மூன்றாவதில் பெயர் எழுதுகிறார்கள். சுத்தியல், கிரைண்டர், ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில். இந்தக் கச்சேரிக்கு நடுவே, இரும்பு டாங்க் துருப்பிடித்துப்போய்ப் புது எஸ்.எஸ். டாங்க் இறக்கியிருந்த ஒரு மரப்படகில், இரண்டு நாள் அண்ணனுக்குப் பின்னால் சுற்றிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன்.

என்னை இழுத்து வந்தது ஒரே ஒரு கேள்வி. எர்த் என்றால் மண். வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, நடுவில் ஜி.ஐ. குழாயை நட்டு, கோடையில் அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வைப்போமே, அதுதான். கரையிலிருந்து இருபது கடல்மைல் தள்ளி மிதக்கிற மரப்படகுக்கு ஏது மண்?

அண்ணன் வாயால் பதில் சொல்லவில்லை. ஸ்குரூ டிரைவரை நீட்டி முகத்துவாரத்தைக் காட்டினார்.

யோசித்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. வீட்டுக் குழிக்கு நாம் கடையில் உப்பு வாங்கிக் கொட்டுகிறோம். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு தயாராகக் கரைந்து கிடக்கிறது! குடிதண்ணீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிற எர்த் குழி அது. படகு அதில் ஒரு கையை நனைத்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சின், அதிலிருந்து ஷாஃப்ட், ஷாஃப்ட்டின் நுனியில் விசிறி. மரமும் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த விசிறிதான் கடலோடு படகு பிடித்திருக்கும் கை.

ஆனால் அண்ணனுக்குக் கடல் இரண்டாவது கவலைதான். முதல் கவலை, படகுக்குள் இருக்கும் உலோகம் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்திருக்கிறதா என்பது. அதற்குத்தான் பச்சை வயர். டாங்கிலிருந்து ஒன்று, டீசல் ஊற்றும் வாயிலிருந்து ஒன்று, சுக்கான் தண்டிலிருந்து ஒன்று. எல்லாம் எஞ்சினில் பேட்டரியின் மைனஸ் வந்து சேரும் அதே போல்ட்டை நோக்கி ஓடுகின்றன.

டீசல் ஊற்றும் வாய்க்கு எதற்கு எர்த்? நான் அப்படியேதான் கேட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே மல்டிமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டார். நானே அளக்கலாமாம்!

மேல்தளத்தில் பளபளக்கும் அந்த வாயின் விளிம்பில் ஒரு முனை. கீழே டாங்கின் தகட்டில் இன்னொரு முனை; அதைப் பிடித்துக்கொள்ள உதவிக்கு வந்த பையன் இறங்கினான். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி ரப்பர் ஹோஸ், இரு பக்கமும் இரண்டிரண்டு கிளிப். மீட்டரில் எண்ணே வரவில்லை. ‘ஓ.எல்.’ என்று இரண்டு எழுத்து. அதாவது மின்சாரத்துக்கு இந்த இரண்டும் வேறு வேறு தீவு. கண்ணுக்கு ஒரே குழாயாகத் தெரிவது, மின்சாரத்தின் கணக்கில் நடுவே அறுந்து நிற்கிறது.

இப்போது டீசல் ஊற்றுகிறோம் என்று வையுங்கள். குழாய்க்குள் வேகமாக ஓடுகிற எண்ணெய் சுவரோடு உரசி நிலைமின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கி விளையாடினோமே, அதே மின்சாரம். பெட்ரோல், டீசல் போன்றவை தானே மின்சாரத்தை எளிதில் விடாதவை. ஆகவே சேர்ந்தது சேர்ந்தபடி நிற்கும். அந்தச் சின்ன வாய் தனித்தீவாக இருந்தால் அதன் மேல் மின்னழுத்தம் ஏறும், ஏறும், பிறகு பக்கத்தில் இருக்கிற ஏதாவது உலோகத்துக்கு ஒரே தாவலாகத் தாவும். அந்தத் தாவல்தான் பொறி. அது தாவும் இடமோ எண்ணெய் ஆவி வெளியே வரும் அதே வாய்!

டீசல் சட்டென்று பற்றாது. அதை அண்ணன் மறைக்கவில்லை, நானும் மறைக்கப் போவதில்லை. சாதாரண வெயிலில் டீசல் விடும் ஆவி தீப்பிடிக்கப் போதாது. அனல் பறக்கும் எஞ்சின் அறையிலோ புகைமாதிரி பீச்சியடித்தாலோ கதை வேறு. இதில் உண்மையான சண்டியர் பெட்ரோல். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். காரில் கசிந்தால் ரோட்டில் இறங்கிக் கலைந்து போகும். படகில் இறங்கிப்போக இடமில்லை, அடிவயிற்றில் தேங்கிக் கிடக்கும். கதவுப் பிடியைத் தொடும்போது சில நேரம் விரல் நுனியில் சுள்ளென்று உறைக்குமே, அந்த அளவுப் பொறி அதைக் கொளுத்தத் தாராளமாகப் போதும். அதனால்தான் உள்ளே பெட்ரோல் எஞ்சின் வைத்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை கறாராக விதி வைத்திருக்கிறது. எண்ணெய் படும் ஒவ்வொரு உலோகத் துண்டுக்கும், டாங்கானாலும் சரி, ஊற்றும் வாயானாலும் சரி, எர்த்துக்கும் நடுவே 100 ஓமுக்குக் குறைவான தடைதான் இருக்கவேண்டும். எஞ்சினைக் கிளப்பும் முன் நான்கு நிமிடம் காற்று விசிறி ஓட்டி ஆவியை வெளியே தள்ளச் சொல்லும் எச்சரிக்கை அட்டையும் அந்தப் படகுகளில் ஒட்டியிருக்கும்.

நம் கரையில் பெட்ரோல் இருப்பது பக்கத்து மணலில் கிடக்கும் ஃபைபர் படகுகளில், அதுவும் பிளாஸ்டிக் கேனில். பிளாஸ்டிக்குக்கு எர்த் கொடுக்க முடியாதே, என்ன செய்வது? பங்க்கில் கேனை வண்டியின் மேலேயே வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து, பெட்ரோல் போடும் துப்பாக்கியின் மூக்கு கேனின் வாயில் பட்டுக்கொண்டே இருக்கும்படி மெதுவாக நிரப்பவேண்டும். இவ்வளவுதான். காசு செலவில்லை. அதைச் சொல்லும்போது அண்ணன் குரலை ஏற்றிப் பக்கத்துப் படகுக்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

சரி, நம் படகின் ஹோஸுக்கு வருவோம். பழைய ஹோஸைக் கழற்றியபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. முன்பு யாரோ எர்த் கொடுக்க நினைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வயரின் தோலைச் சீவி, செம்பு இழைகளை ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவே செருகி, மேலே கிளிப்பை முறுக்கியிருக்கிறார்கள். அந்த இழை ஓடிய தடம் ரப்பரில் ஒரு வாய்க்கால்போலப் பதிந்திருந்தது. வாய்க்கால் வழியே டீசல் வியர்த்து, தூசியோடு சேர்ந்து, கறுப்புக் களிம்பாக உறைந்திருந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தேன். தீயைத் தடுக்கப் போட்ட வயரே எண்ணெய்க்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது! இதை அமெரிக்க விதியும் பெயர் சொல்லித் தடுக்கிறது. எர்த் வயரை ஹோஸுக்கும் குழாய்க்கும் இடையில் வைத்து இறுக்கவே கூடாது.

அண்ணன் செய்தது இது. ஊற்றும் வாயின் அடியில் அதற்கென்றே ஒரு காது உண்டு. டாங்கின் மேல் பற்றவைத்த காது இன்னொன்று. இரண்டையும் உப்புத்தாளால் வெள்ளிபோலத் தேய்த்தார். ஈயம் பூசிய செம்பு இழை வயரை எடுத்தார். வெறும் செம்பு ஏன் கூடாது என்று கேட்டதும், பழைய வயரின் தோலை நீளவாக்கில் கத்தியால் கீறி என் முன்னால் விரித்தார். வெளியே பார்க்கப் புத்தம்புதுசு. உள்ளே இழைகள் கரிக்கட்டைபோலக் கறுத்து, சில இடத்தில் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. உப்புக்காற்று வயரின் நுனியில் நுழைந்து, தோலுக்குள்ளேயே ஒரு முழத்துக்கு ஏறியிருந்தது. நான் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது மேசையில்தான் இருக்கிறது.

புது வயரின் நுனியில் லக் ஏற்றி, கிரிம்பிங் பிளையரால் ‘கடக்’ என்று ஓர் அமுக்கு. அதன்மேல் உள்ளே பசை பூசிய ஸ்லீவ், லைட்டரைக் காட்டியதும் சுருங்கி வாயில் பசை பிதுங்கியது. முறுக்கிவிட்டு டேப் சுற்றுவதெல்லாம் அவரிடம் நடக்காது. “படகு ராத்திரி பூரா ஆடும் தங்கச்சி. முறுக்கினது அவிழும்” என்றார். போல்ட்டை இறுக்கினார். மீட்டரை மறுபடி நீட்டினார்.

பீ-ஈ-ஈப்!

0.4 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் அதிலேயே 0.3 காட்டியது. ஆகவே மேல்வாய்க்கும் டாங்குக்கும் நடுவே மிச்சம் 0.1. இரண்டு தீவும் ஒரே கரையாகிவிட்டது. நான் கைதட்டினேன். உதவிக்கு வந்த பையனும் தட்டினான்.

இவ்வளவுதானே, எங்கே கிடைக்கிறதோ அங்கே ஒரு எர்த்தைப் போட்டுவிட்டால் ஆச்சே என்று தோன்றும். லாரி வேலை பழகியவர்களுக்கு அப்படித்தான் கை போகும் என்றார் அண்ணன். லாரியில் சேசிஸ் முழுக்க மைனஸ். விளக்குக்கு ஒரு வயர் கொடுத்தால் போதும், திரும்பிவர இரும்பே பாதை. படகில் அது கூடவே கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் போக ஒன்று, வர ஒன்று, இரண்டு வயர். திரும்பி வரும் மைனஸ் வேலை செய்கிற வயர். பச்சை வேலையில்லாமல் காவல் நிற்கிற வயர். இரண்டும் எஞ்சினில் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கவேண்டும்.

ஏன் ஒரே புள்ளி? இதைக் கேட்டபோதுதான் எனக்கு முதுகில் சில்லென்றது. எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும். அது திரும்ப பேட்டரிக்கு வர, கட்டைவிரல் கனத்தில் ஒரு மைனஸ் கேபிள் இருக்கிறது. அந்தக் கேபிளின் போல்ட் ஒருநாள் தளர்ந்துவிட்டது என்று வையுங்கள். கரண்ட் சும்மா இருக்குமா? வேறு வழி தேடும். எஞ்சினிலிருந்து செம்பு டீசல் குழாய், அதன் வழியே டாங்க், டாங்கிலிருந்து நம் பச்சை வயர், அங்கிருந்து எங்கோ தனியாகப் பேட்டரி மைனஸில் கட்டியிருந்தால் பாதை முழுசாகிவிட்டது! யானை போகவேண்டிய ஊர்வலம் பூனைச் சந்துக்குள் நுழைகிறது. வயர் சிவக்கச் சிவக்கக் காய்வது எங்கே? எண்ணெய் டாங்கின் முதுகில். அதனால்தான் பச்சை வயரைப் பேட்டரிக்குக் கொண்டுபோகாமல் எஞ்சினின் அந்தப் புள்ளியிலேயே நிறுத்துகிறார்கள். அதனால்தான் எஞ்சினுக்கு அருகே டீசல் குழாயில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் போடுகிறார்கள். அது அதிர்வைத் தாங்குவதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதுவும் உண்மை, கரண்ட்டுக்குப் பாதையை அறுப்பதும் அதே துண்டுதான். ஒரு முழ ரப்பர் இரண்டு உத்தியோகம் பார்க்கிறது!

அடுத்து எனக்குப் பிடித்த பகுதி, டாங்கின் மேல்மூடியில் இருக்கும் மிதவை. டீசல் அளவைக் கேபினில் முள்ளாகக் காட்டுவது அதுதான். அதைப் பிடித்திருப்பவை ஐந்து ஸ்குரூக்கள். ஐந்தும் சம இடைவெளியில் இல்லை, வேண்டுமென்றே ஒன்றைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். எப்படித் திருப்பினாலும் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். மிதவையின் கை டாங்கின் சுவரில் இடிக்காதபடி இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு மாலை போடவேண்டும்.

இந்தப் படகில் போன சீசன் முழுக்க முள் எப்போதும் ‘ஃபுல்’லிலேயே நின்றதாம். மீட்டர் கெட்டுப்போச்சு என்று டிரைவர் முடிவுகட்டி, பலகைக் குச்சியை டாங்குக்குள் விட்டுத்தான் அளந்திருக்கிறார். மீட்டர் கெடவே இல்லை! மிதவைகளில் இரண்டு ஜாதி உண்டு. அமெரிக்க வகை டாங்க் காலியாக இருந்தால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகை தலைகீழ். காலிக்கு 10, நிறைவுக்கு 180. மிதவையின் எர்த் அறுந்தால் தடை எண்ணே இல்லாமல் எகிறிவிடும். அமெரிக்க வகையில் முள் காலிக்குக் கீழே விழும். பயந்துபோய்க் கரைக்குத் திரும்புவீர்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய வகையில் முள் நிறைவைத் தாண்டி ஏறி நிற்கும். இந்தப் படகில் இருந்தது இரண்டாவது. வெறும் டாங்கோடு போனாலும் ‘ஃபுல்’ என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கும். அந்தப் பழைய மிதவையின் மூடியிலிருந்த எர்த் ஸ்குரூவைத் திருப்பியதும் அது துருப்பொடியாகக் கையோடு வந்தது. டாங்குக்கு எர்த் இல்லை என்பதை அந்த முள் ஒரு சீசன் முழுக்கக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

படகுக்கு வெளியே, சுக்கான் பக்கம் சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக அறைந்திருப்பது ஜிங்க். உப்புத் தண்ணீரில் இரண்டு வெவ்வேறு உலோகம் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் அதுவே ஒரு பேட்டரி; அதில் இளைத்தது கரையும். கரைவதற்கென்றே துத்தநாகத்தைக் கொடுத்து விசிறியைக் காப்பாற்றுகிறார்கள். 1824ல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொன்ன யுக்தி இது. கப்பலின் அடியில் போர்த்திய செம்புத் தகட்டோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்தார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் செம்பு கரைந்தால்தான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கும். அது நின்றதும் கப்பலடியில் சிப்பி மண்டிக் கப்பல் மெதுவாகிப்போனது. பாவம், வேதியியல் ஜெயித்தும் திட்டம் கைவிடப்பட்டது! மரப்படகில் ஜிங்க்கை அளவுக்கு மேல் அறைந்தாலும் ஆபத்துதான். போல்ட்டைச் சுற்றி மரம் காரத்தில் ஊறி, வெள்ளைப் பஞ்சாக நைந்துபோகும். அண்ணன் ஒரு போல்ட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார், தேங்காய்த் துருவல்போல வந்தது.

இந்த அரிப்புக்கு வருஷக்கணக்கு வேண்டும். பேட்டரி கரண்ட் கசிந்தால் அவ்வளவு பொறுமை இருக்காது. அடிவயிற்றுத் தண்ணீரை இறைக்கும் மோட்டாரின் பிளஸ் வயர் தோல் கிழிந்து தண்ணீரில் கிடந்தால், சில நாளிலேயே நல்ல உலோகத்தைக் கடற்பஞ்சுபோல ஓட்டையாக்கிவிடும். ஆகவே அந்த மோட்டாரின் இணைப்புகளைத் தண்ணீர் எட்டாத உயரத்தில், கையால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தே முடித்தார். பேட்டரியைக் கடைசியில் மாட்டினார். முதலில் பிளஸ், பிறகு மைனஸ். கழற்றும்போது மைனஸ் முதலில். ஸ்பேனர் கைதவறி எஞ்சினில் பட்டாலும் பொறி பறக்காமலிருக்க இந்த வரிசை. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும் என்பதால் அதன் பெட்டிக்கு மேலே காற்றோட்டத்துக்கு ஓட்டை.

ஜூன் 14 மாலை நான் மறுபடி போனேன். போகாமல் இருக்க முடியுமா! படகு ஆற்றில் மிதந்தது, விசிறி உப்புத்தண்ணீரில், பச்சை வயர்களின் மறுமுனை இப்போது உண்மையிலேயே கடலில். டீசல் ஹோஸை இழுத்து வந்தவர் அதன் மூக்கை ஊற்றும் வாயின் விளிம்பில் சாய்த்தார். ‘டிங்’ என்று சத்தம். அந்த டிங் எனக்கு மட்டும் கேட்ட மாதிரி இருந்தது. கேபினுக்கு ஓடினேன். முள் காலியில் கிடந்து, நடுங்கி, மெல்ல எழுந்தது.

டிரைவர் அதை நம்பவில்லை. பலகைக் குச்சியை எடுத்துவந்து டாங்குக்குள் விட்டு வெளியே எடுத்தார். பாதிக்கு மேல் ஒரு விரற்கடை நனைந்திருந்தது. கேபினுக்குள் வந்து முள்ளைப் பார்த்தார். பாதிக்கு மேல் ஒரு மயிரிழை. மறுபடி குச்சி. மறுபடி முள். பிறகு குச்சியைத் துணியால் துடைத்து, கூரை இடுக்கில் செருகிவிட்டு, வெளியே தலையை நீட்டி, “ஐஸ் ஏத்துங்கடா” என்றார்.